கறுப்பு எண்ணெயும் காவல் துப்பாக்கியும்

சிக்கனம் என்பது நம் மக்களுக்கு ஒருவர் வந்து கற்பிக்கவேண்டிய குணமன்று. தோட்டத்து லயங்களிலும் சரி, சிங்கப்பூர்ச் சிராங்கூன் சாலையின் பக்கத்துத் தெருக்களிலும் சரி, பால் டின் பூச்செடித் தொட்டியாகும். அரிசிச் சாக்கு கால்மிதியாகும். பழஞ்சேலை பிள்ளைக்குத் தூளியாகும். இவ்வழக்கங்களைக் குறைகூற நமக்கு விருப்பமில்லை. வறுமையில் பிறந்த அறிவும் அறிவே. ஆயினும் எதை மிச்சமென்று எடுத்து வைப்பது, எதைக் கழிவென்று ஒதுக்குவது என்னும் பகுத்துணர்வு இல்லாதவிடத்துச் சிக்கனமே கேடாய் முடிவதுண்டு. அதற்கோர் உதாரணமாக, மோட்டார் எண்ணெயைத் துப்பாக்கிக்கு இடும் பழக்கத்தைப் பற்றி எழுதத் துணிந்தோம்.

சிங்கப்பூரில் ஆங்கிலப் பள்ளியில் படித்து, இப்போது ஜொகூர்த் தோட்டமொன்றில் கணக்கெழுதிப் பிழைக்கிறோம். இளஞ்செம்பனைகளைக் காட்டுப்பன்றி அழிக்காமலிருக்கும் பொருட்டு, உரிமம் பெற்ற வேட்டைத் துப்பாக்கி வைத்திருக்கும் தோட்டங்கள் உண்டு. நாமறிந்த தோட்டமொன்றில் அத்துப்பாக்கிக்கு இடும் எண்ணெய் எதுவென்று நினைக்கிறீர்கள்? லாரியின் எஞ்சினிலிருந்து வடித்தெடுத்த கறுப்பு எண்ணெய்தான்! காவற்காரர் அதில் துணியை நனைத்துக் குழலின் உள்ளும் புறமும் பூசுவார். பிறகு கையைத் தம் கால்சட்டையிலேயே துடைத்துக்கொள்வார். அதே டின்னிலிருந்துதான் சைக்கிள் சங்கிலிக்கும், கதவுக் கீலுக்கும், கரையான் ஏறாதிருக்க வேலிக் கம்பத்துக்கும் எண்ணெய் போகும். ஏன் என்று வினவினால், “எங்கள் அப்பா காலத்திலிருந்தே இதுதான் கிராணி ஐயா, எண்ணெய் எண்ணெய்தானே?” என்பார்.

எண்ணெய் எண்ணெய்தானா? இவ்வினாவை நம் தமக்கை மகனிடம் வைத்தோம். அவர் சிங்கப்பூரில் பிறந்து, தேசிய சேவையை முடித்து, ஜாலான் புசார்ப் பக்கம் ஒரு மோட்டார்ப் பட்டறையில் வேலை செய்பவர். தேக்கா அங்காடியில் தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது அவர் சொன்ன விடை தெளிவாயிருந்தது. “மாமா, நீங்கள் இரண்டு பொருளை ஒன்றாக்கிப் பேசுகிறீர்கள். எண்ணெய் மாற்றும்போது புட்டியில் மீந்துவிடும் புது எண்ணெய் வேறு. வண்டியிலிருந்து இறக்கிய எண்ணெய் வேறு. முன்னது மிச்சம், பின்னது அழுக்கு,” என்றார்.

முன்னதைப் பற்றி முதலில் பார்ப்போம். புதிய எஞ்சின் எண்ணெய் என்பது சுத்திகரித்த எண்ணெயோடு தேய்மானத்தைக் குறைப்பதும், துருவைத் தடுப்பதும், கரியைத் திரளவிடாமல் மிதக்க வைப்பதுமான மருந்துகள் சேர்ந்த கலவை. வேறு எண்ணெய் கிடைக்காத வேளையில் அதில் இரண்டு சொட்டைத் துப்பாக்கியின் அசையும் உறுப்புகளுக்கு இடுவதால் தீங்கொன்றும் நேராது. அமெரிக்காவில் துப்பாக்கி பழகுவோர் பலர் அவ்வாறே செய்கின்றனர். ஆயினும் அது மூடிய எஞ்சினுக்குள் பம்பின் விசையால் ஓயாமல் ஓடுவதற்கென்று செய்யப்பட்டது. துப்பாக்கியிலோ பம்பு இல்லை. இட்ட எண்ணெய் மெல்லிய படலமாய் ஒட்டி நின்று, மாதக்கணக்கில் நம் நாட்டு ஈரக்காற்றிலிருந்து இரும்பைக் காக்க வேண்டும். அதற்கென்றே செய்த எண்ணெய் கடையில் கிடைக்கும்போது, மாற்றுப்பொருளை நாடவேண்டிய அவசியம் குறைவு.

பின்னதன் கதை வேறு. எஞ்சினுக்குள் எண்ணெய் செய்யும் வேலைகளில் ஒன்று கழுவுவது. எரிந்த கரி, உலோகத் துகள், எரியாத எரிபொருள், நீர், எரிதலில் உண்டாகும் அமிலங்கள் ஆகிய யாவற்றையும் அது தன்மேல் ஏற்றுக்கொள்கிறது. அதன் கறுப்பு நிறமே அது சுமக்கும் அழுக்கின் அடையாளம். துணி வெளுத்த நீரில் முகங்கழுவுவார் உண்டோ? அத்தகைய எண்ணெயைத் துப்பாக்கிக்குப் பூசினால், துருவைத் தடுக்கவேண்டிய பொருளே நீரையும் அமிலத்தையும் கொண்டுபோய் இரும்பின்மேல் வைக்கிறது; தேய்மானத்தைத் தடுக்கவேண்டிய பொருளே தேய்க்கும் துகளைக் கொண்டு சேர்க்கிறது. பன்றி எதிரே பாயும் நேரத்தில் விசை சிக்கிக்கொண்டால், அக்காவற்காரருக்கு விடை சொல்பவர் யார்?

துப்பாக்கியைப் பேணுவது அற்ப விஷயமென்று எண்ணுவோர் வியட்நாம் போரை நினைவு கூர்வாராக. 1966, 1967 ஆம் ஆண்டுகளில் அங்கே அமெரிக்கப் படையினரின் எம்-16 துப்பாக்கிகள் சுடும் தருணத்தில் சிக்கிக்கொண்டன. அமெரிக்கக் காங்கிரஸின் குழு 1967இல் விசாரித்தது. வெடிமருந்தை மாற்றியதும், தோட்டா அறைக்குக் குரோமியப் பூச்சு இல்லாததும், துப்புரவுக் கருவியும் பயிற்சியும் போதிய அளவு கொடுக்கப்படாததும் காரணங்களாய் வெளிவந்தன. அவ்வகைத் துப்பாக்கியைத்தான் சிங்கப்பூர் பின்னர் உரிமம் பெற்றுத் தன் நாட்டிலேயே செய்து தன் இளைஞர் கையில் கொடுத்தது. 1967இல் தேசிய சேவை தொடங்கியது முதல், சிராங்கூன் சாலைத் தமிழ்ப் பிள்ளைகளும் அதற்கென அளிக்கப்படும் எண்ணெயும் துணியும் கொண்டு துப்பாக்கியைத் துடைத்த பிறகே ஆயுத அறையில் ஒப்படைத்து வருகின்றனர். பட்டறை எண்ணெயை அங்கே யாரும் அனுமதிப்பதில்லை என்று நம் மருமகன் நகைத்துக்கொண்டே சொன்னார்.

இனித் துப்பாக்கியை விட்டுக் கைக்கு வருவோம். 1775இல் லண்டன் மருத்துவர் பெர்சிவல் பாட், புகைக்கூண்டு துடைக்கும் ஏழைச் சிறுவர்களுக்குப் பிற்காலத்தில் உண்டாகும் புற்றுநோய்க்குக் கரியே காரணமென்று எழுதினார். ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின், லங்காஷயர் பஞ்சாலைகளில் யந்திர எண்ணெய் தெறித்து நனைந்த ஆடையோடு உழைத்த நூற்பாளருக்கும் அந்நோய் கண்டது. சரியாகச் சுத்திகரிக்கப்படாத கனிம எண்ணெய்கள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு வகைப்படுத்தியுள்ளது. பெட்ரோல் எஞ்சினில் ஓடித் தேய்ந்த எண்ணெய் எலியின் தோலில் கட்டிகளை உண்டாக்கியதும் சோதனையில் கண்ட உண்மை. சிங்கப்பூரில் ஈயங்கலந்த பெட்ரோல் 1998 ஜூலையில் நிறுத்தப்படும்வரை, அந்நாளைய கழிவெண்ணெயில் ஈயமும் சேர்ந்திருந்தது. கங்காணியும் காவற்காரரும் பட்டறைப் பையனும் இத்தனையையும் உள்ளங்கையில் ஏந்தினர். அவர்களுக்கு எவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தன் கையில் படும் கொழுப்பில் என்ன இருக்கிறதென்று கேட்கும் உரிமை சிறிய உரிமையன்று. 1857 ஜனவரியில் கல்கத்தாவுக்கு அருகே டம்டமில், புதிய என்ஃபீல்டு துப்பாக்கியின் தோட்டா உறையில் பசுக்கொழுப்பும் பன்றிக்கொழுப்பும் பூசப்பட்டுள்ளன என்ற பேச்சுப் பரவிற்று. உறையைப் பல்லால் கடித்துத் திறக்கவேண்டிய சிப்பாய்கள் அதில் என்ன இருக்கிறது என்று கேட்டனர். தமக்குகந்த பொருளைத் தாமே பூசிக்கொள்ளலாம் என்று அம்மாத இறுதியில் அனுமதி கிடைத்தது. ஆனால் அதற்குள் நம்பிக்கை போய்விட்டது. மே 10ஆம் தேதி மீரட்டில் கிளர்ச்சி மூண்டது. அதற்குக் காரணங்கள் பல உண்டு. ஆயினும் கேட்டவனுக்கு உரிய காலத்தில் நேரிய விடை கொடாமையும் அவற்றில் ஒன்றென்பதை மறுப்பாரில்லை. சமயத்தின் பொருட்டு அன்று எழுந்த கேள்வி, உடல்நலத்தின் பொருட்டு இன்று நம் தோட்டங்களில் ஏன் எழவில்லை?

நகரத்துத் தமிழர், “நமக்கேது துப்பாக்கி?” எனலாம். வாஸ்தவமே, சிங்கப்பூரில் துப்பாக்கிச் சட்டம் மிகக் கடுமையானது. கறுப்பு எண்ணெயோ நகரத்திலும் உண்டு. அதைச் சாக்கடையில் ஊற்றுவோர் ஒன்றை எண்ணிப் பார்க்கட்டும். லிட்டில் இந்தியாவின் ஓரமாய்ச் செல்லும் ரோச்சோர்க் கால்வாயின் நீர், 2008இல் மரீனா அணைக்கட்டு எழுந்த பின், குடிநீருக்கான நீர்த்தேக்கத்தையே சேர்கிறது. ஒரு காரிலிருந்து ஒரு தடவை இறக்கும் எண்ணெய் பத்து லட்சம் காலன் நன்னீரைக் கெடுக்கக்கூடும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு கூறுகிறது.

சட்டமும் இவ்விஷயத்தில் உறங்கவில்லை. மலேசியாவின் 2005ஆம் ஆண்டு விதிகளில், பயன்படுத்திய மசகு எண்ணெய்க்கு எஸ்.டபிள்யூ. 305 என்று எண்ணிட்டு, அதை 180 நாட்களுக்கு மேல் சேர்த்து வைக்கலாகாது என்றும், கணக்கெழுதி உரிமம் பெற்றவரிடமே ஒப்படைக்க வேண்டுமென்றும் விதித்துள்ளார்கள். அக்கணக்கை எழுதுவோர் நம்மைப் போன்ற கிராணிகளே. பேரேட்டில் அபாயக் கழிவென்று ஆங்கிலத்தில் எழுதப்படும் அதே பொருளைக் காவற்காரர் டின்னில் மொண்டு செல்வதைத் தோட்டத்து நிர்வாகங்கள் காணாததுபோல் இருக்கின்றன. அவ்வெழுத்து அவருக்குத் தமிழில் எட்டாதிருப்பதே இதற்கு வசதியாயிற்று.

நாம் வேண்டுவது பெரிதன்று. துப்பாக்கி எண்ணெய் ஒரு சிறு புட்டி வாங்கினால் மாதக்கணக்கில் வரும். அதைச் செலவுக் கணக்கில் ஒரு வரியாகச் சேர்க்கலாம். கறுப்பு எண்ணெய் டின்னின்மேல் தமிழில் “நஞ்சு” என்று எழுதி ஒட்டலாம். பட்டறையில் வேலை செய்வோருக்குக் கையுறையும் சவர்க்காரமும் கொடுக்கலாம். இவற்றைக் கேட்பதற்குச் சங்கமோ தீர்மானமோ முதலில் தேவையில்லை, “இதில் என்ன இருக்கிறது?” என்று கேட்க ஒருவர் முன்வந்தால் போதும். படித்தவர் அக்கேள்விக்குத் தாய்மொழியில் விடை சொல்லக் கடமைப்பட்டவர்கள். அப்பா காலத்துப் பழக்கம் என்பதற்காக அப்பாவின் கைப்புண்ணையும் பிள்ளைக்குச் சொத்தாய் விட்டுச்செல்ல வேண்டியதில்லை.