அவன் நல்லா இருக்கணும்ண்ணா

யூதாஸுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டாமா என்று ஒரு தவக்காலத்தில் பங்கு இளைஞர்கள் முன்னால் நின்று பேசினேன். நன்றாகவே பேசினேன், அதுதான் கேடு. அவன் காட்டிக் கொடுக்காவிட்டால் சிலுவை ஏது, சிலுவை இல்லாவிட்டால் மீட்பு ஏது என்று ஆரம்பித்தேன். செய்யப் போவதைச் சீக்கிரம் செய் என்று கடைசி இராவுணவில் அவனை அனுப்பிவைத்தவரே இயேசுதானே என்று கேட்டேன். எகிப்தில் கிடைத்து 2006-இல் வெளியான ‘யூதாஸ் நற்செய்தி’யைப் பற்றிச் சொன்னேன். அந்தக் காப்டிக் சுவடியில் குருவின் மனதைப் புரிந்துகொண்ட ஒரே சீடன் யூதாஸ்தான். அப்படியொரு நூல் உலவுவதாக கி.பி. 180 வாக்கிலேயே ஆயர் இரேனியுஸ் கண்டித்து எழுதியிருக்கிறார் என்பதையும் மறைக்கவில்லை.

பிறகு உள்ளூருக்கு வந்தேன். நான் பிறந்து வளர்ந்தது ராயபுரம். அங்கே படகோட்டிகள் 1829-இல் கட்டி முடித்த கோயில் ராயப்பருடையது, அதாவது பேதுருவுடையது. ஊரும் அவர் பெயரில்தான் இருக்கிறது. சேவல் கூவுவதற்குள் மூன்று முறை ‘அந்த ஆளை எனக்குத் தெரியாது’ என்றவருக்குக் கோயிலும் ஊரும், யூதாஸுக்கு மட்டும் குயவன் நிலமா என்றேன். அண்ணனை விட்டு வந்த வீடணனுக்கு நம் ஆட்கள் முடி சூட்டவில்லையா என்றும் ஒரு போடு போட்டேன். சிரித்தார்கள், கை தட்டினார்கள். “அப்போ கயபாவுக்கும் தேங்க்ஸ் சொல்லணுமா சார்?” என்று ஒரு பெண் கேட்டாள். ஏதோ ஜோக் அடித்துத் தாண்டிப் போனேன்.

அன்று நான் பேசியதில் தகவல் பிழை எதுவும் இல்லை. ஆனால் அந்தப் பேச்சு முழுக்க, என் சொந்தக் கேஸுக்கு நானே போட்டுக்கொண்ட ஜாமீன் மனு.

எண்ணூர்த் துறைமுகம் 2001-இல் திறந்தது. அடுத்துக் காட்டுப்பள்ளித் துறைமுகமும் வந்தபிறகு மீஞ்சூர் ரோடு ட்ரெய்லர்களுக்கு என்றே ஆகிவிட்டது. அந்தப் பக்கத்து யார்டு ஒன்றில், ஒரு லேபர் கான்ட்ராக்டரிடம் நான் டேலி கிளார்க். கன்டெய்னரின் நான்கு எழுத்தையும் ஏழு எண்ணையும் சரிபார்த்து, உள்ளே போகிற பெட்டிகளை எண்ணி எழுதுகிற வேலை. லோடுமேன்களின் சம்பளத்தில் பி.எஃப். பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் கணக்கில் பணம் ஏறவில்லை. பையன்கள் போனில் பேலன்ஸ் பார்க்கக் கற்றுக்கொண்டதும் விஷயம் வெளியே வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடற்கரைச் சவுக்குத் தோப்பில் கூடினார்கள். மனு எழுதத் தெரிந்தவன் என்று என்னையும் கூப்பிட்டார்கள். யார் யாருக்கு எத்தனை மாதப் பாக்கி, எவ்வளவு பிடித்தம் என்று முழுக் கணக்கையும் என் கையால் எழுதினேன். கையெழுத்து வாங்கியதும் நான்தான். மறுநாள் காலையில் எல்லோரும் சேர்ந்து பி.எஃப். ஆபீஸுக்குப் போவதாக ஏற்பாடு.

அன்று இரவே அந்தக் கையெழுத்துப் பக்கத்தைப் போட்டோ எடுத்து மேனேஜருக்கு அனுப்பினேன். “நாலு பேர் போனா நாப்பது பேர் பொழைப்பு நிக்கும், விடுங்க” என்றார் அவர். இயேசுவைக் கொல்லச் சொன்ன தலைமைக் குரு கயபா சொன்னதும் ஏறக்குறைய இதுதான், மக்களெல்லாம் அழிவதைவிட ஒருவன் சாவது நல்லது என்று. அந்தப் பெண்ணின் கேள்விக்கு நான் ஏன் ஜோக் அடித்தேன் என்பது இப்போது புரியும்.

யூதாஸ் விற்றது இயேசுவின் முகத்தை அல்ல. தினமும் கோயிலில் உட்கார்ந்து போதித்தவரின் முகம் எருசலேமில் யாருக்குத் தெரியாது? கூட்டம் இல்லாத இடமும் நேரமும்தான் குருக்களுக்குத் தேவைப்பட்டன. நான் விற்ற சரக்கும் அதேதான். விடிவதற்குள் வரிசையில் முதல் ஐந்து கையெழுத்துக்காரர்கள் யாரென்று கேட்டுக்குத் தெரிந்திருந்தது. பாஸைப் பிடுங்கிக்கொண்டு அப்படியே திருப்பி அனுப்பினார்கள். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார்கள். என்னைச் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். பைக் வாங்கினேன்.

அந்த ஐந்து பேரில் ஒருவன் வெல்டிங் கற்றுக்கொண்டு, ட்ரெய்லர் ரிப்பேர் பட்டறை போட்டு, சில வருஷத்தில் வீடும் கட்டிவிட்டான். வீடு மந்திரிப்புக்கு என்னைக் கூப்பிட்டிருந்தான். பந்தியில் அவனே பரிமாறினான். “அன்னைக்கு எவனோ போட்டுக் குடுத்தான் பாருண்ணா, அவன் மட்டும் போட்டுக் குடுக்கலன்னா நான் இன்னும் மூட்டை தூக்கினு இருந்திருப்பேன். எங்க இருந்தாலும் அவன் நல்லா இருக்கணும்ண்ணா” என்று சொல்லிக்கொண்டே என் இலையில் இன்னொரு கறித்துண்டை வைத்தான். சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது. பாரம் இறங்கின மாதிரி வீடு திரும்பினேன். அடுத்த தவக்காலத்தில் பேசிய பேச்சு அந்தப் பந்தியில் பிறந்தது.

அவனைக் காட்டிக் கொடுத்ததைக்கூட பயம், பேராசை என்று எதிலாவது சேர்த்துவிடலாம். அவன் வாழ்த்தை எடுத்துக்கொண்டு வந்தேனே, அதற்குப் பெயர் தெரியவில்லை. மற்ற நான்கு பேர் என்னை எந்த விசேஷத்துக்கும் கூப்பிடவில்லை. ஒருவர் காசிமேட்டில் ஐஸ் பெட்டி இழுக்கிறார். கூட்டத்திலேயே வயதானவர் அவர்தான். இறைத்திட்டம் என்று நான் பேசியபோது, பிழைத்தவனின் சாட்சியத்தை மட்டும் ஏற்றுக்கொண்டு இவரைக் கணக்கிலிருந்தே அடித்துவிட்டேன்.

யோசேப்பின் கதையையும் அன்று மேற்கோள் காட்டினேன். இருபது வெள்ளிக்காசுக்கு விற்கப்பட்டவன் எகிப்தில் அதிகாரியாகி, நீங்கள் கெடுதல் நினைத்தீர்கள், கடவுள் அதை நல்லதாக்கினார் என்று அண்ணன்மாரிடம் சொல்கிறான். அதைச் சொல்வது விற்கப்பட்டவன் என்பதை நான் அழுத்திச் சொல்லவில்லை. விற்ற அண்ணன்களில் ஒருவன் வந்து, ‘பார்த்தாயா தம்பி, நாங்கள் விற்றதால்தானே உனக்கு இந்தப் பதவி’ என்றிருந்தால்? அப்படி யாரும் சொல்லவில்லை. விற்கலாம் என்று முதலில் யோசனை சொன்ன யூதா, பின்னால் கடைசித் தம்பிக்குப் பதிலாகத் தன்னை அடிமையாக வைத்துக்கொள்ளச் சொல்லி நிற்கிறான். பாஸ்கா இரவில் திருச்சபை ஆதாமின் குற்றத்தையே பேறுபெற்றது என்று பாடும். ஆனால் ஆதாமுக்கு நன்றி சொல்லாது. நன்மை வரத் தீமை செய்யலாம் என்கிறவர்களுக்குத் தண்டனை நியாயமே என்று பவுல் உரோமையருக்கு எழுதியிருக்கிறார். இதெல்லாம் பேசும்போதும் எனக்குத் தெரியும்.

யூதாஸ் அந்த வாதத்தை ஒரு முறைகூடச் சொல்லவில்லை. மத்தேயு நற்செய்தியில் அவன் குருக்களிடம் திரும்பிப் போய், குற்றமில்லாதவரைக் காட்டிக்கொடுத்துப் பாவம் செய்தேன் என்கிறான். முப்பது காசையும் கோயிலில் எறிந்துவிட்டுப் போகிறான். அவனுக்கு வக்காலத்து வாங்கியவர்கள் எல்லாம் பின்னால் வந்த நாங்கள்தான். ராயப்பர் மறுதலித்த கதை நான்கு நற்செய்திகளிலும் இருக்கிறது. முற்றத்தில் குளிர்காய்ந்தபோது நடந்தது வெளியே தெரிந்தது என்றால், பெரும்பாலும் அவரே சொல்லித்தான் தெரிந்திருக்கும். கோயிலையும் ஊரையும் பற்றி அத்தனை பேசியவன் இதை விட்டுவிட்டேன்.

பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன். “அவங்ககிட்ட சொன்னியா?” என்று கேட்டார் சாமியார். இல்லை என்றேன். அந்த மனுவின் நகல் இன்னும் என் பீரோவில் இருக்கிறது. மாதவாரியாகப் பிடித்தக் கணக்கு, பெயர், பி.எஃப். நம்பர் எல்லாம் என் கையெழுத்தில். ஐஸ் பெட்டி இழுக்கிறவரிடம் அதைக் கொடுத்தால் இப்போதும் அவர் புகார் எழுதலாம். அசல் எங்கே போனது, நகல் உன்னிடம் எப்படி வந்தது, அன்று கேட்டுக்குப் பெயர்கள் எப்படித் தெரிந்தன என்று அவர் கேட்பார். அதற்குப் பயந்துதான் இன்னும் கொடுக்கவில்லை.