இரண்டாவது பேட்டரி

2019இல் காஞ்சிபுரத்தில் அத்தி வரதர் 48 நாள் காட்சி தந்தபோது, விடியற்காலை மூன்று மணிக்கும் நான்கு மணிக்கும் என் போன் அடிக்கும். எடுத்தால் பெரும்பாலும் ஒரே வார்த்தைதான்: “அண்ணே, வண்டி ஸ்டார்ட் ஆகல.” ஊருக்கு வெளியே வண்டி நிறுத்த ஒதுக்கிய திடல்களில் வேன்கள் வரிசையாக நிற்கும். மணிக்கணக்கில் நின்று பெருமாளைச் சேவித்துவிட்டு வந்தவர்கள் வண்டியிலேயே படுத்திருப்பார்கள். ஆடி மாதப் புழுக்கம். தலைக்கு மேல் இரண்டு விசிறி, பின்னால் விளக்கு, ஆறேழு போன். எல்லாம் வண்டியின் ஒரே பேட்டரியிலிருந்து ஓடும். விடிவதற்குள் கிளம்பலாம் என்று சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

எக்ஸ்எல் மொபெட்டின் முன்பக்கம் ஒரு பேட்டரியையும் ஜம்பர் கேபிளையும் கட்டிக்கொண்டு போவேன். ஒரு வேனில் ஒரு பாட்டி பனையோலை விசிறியால் பேரனுக்கு விடாமல் விசிறிக்கொண்டிருந்தார். “ராத்திரி நல்லாத்தாம்ப்பா ஓடிச்சு, ரெண்டு மணிக்கு நின்னுபோச்சு” என்றார். கேபிளைப் போட்டு வண்டியைக் கிளப்பிவிட்டேன். ஆனால் அடுத்த ஊரிலும் அவர்களுக்கு இதேதான் நடக்கும் என்று எனக்குத் தெரியும். வீட்டுக்குத் திரும்பும்போது அதுதான் மனதை அறுத்தது.

வண்டியைக் கிளப்பும் பேட்டரி வேறு சாதி. அதற்குள் மெல்லிய ஈயத் தகடுகள் நிறைய இருக்கும். நூற்றுக்கணக்கான ஆம்பியரை இரண்டு மூன்று விநாடி கொடுத்துவிட்டு, உடனே எஞ்சினிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்வதுதான் அதன் பிழைப்பு. ராத்திரி முழுக்கச் சொட்டுச் சொட்டாக வடித்தால் அந்தத் தகடு தாங்காது. சில பத்து முறை அடிமட்டம் தொட்டாலே ஆயுள் முடிந்துவிடும். வண்டியில் தங்குகிறவர்களுக்கு இரண்டாவது பேட்டரி வேண்டும். அது முதல் பேட்டரியைத் தொடாமல் தனியாக நிற்கவேண்டும். அந்த வருஷம்தான் வேன்களுக்கு இரண்டாவது பேட்டரி வைக்கும் வேலையில் இறங்கினேன்.

ஆனால் இந்தத் தொழிலை நான் படித்தது வேனில் இல்லை, எங்கள் ஊர்ப் பிள்ளையார்பாளையத்துத் தறிகளில். எங்கள் அப்பா நெசவாளி. 2012இல் சென்னையைத் தவிர மற்ற மாவட்டங்களில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் போன காலத்தில், தறிக்குழிக்கு மேலே ஒரு விளக்கு எரிவதே பெரும்பாடு. அரக்கு நூலும் குங்குமச் சிவப்பும் மங்கலில் ஒன்றாகத் தெரியும். நாலு விரற்கடை நெய்தபிறகு கண்டுபிடித்தால் பிரித்துத்தான் எடுக்கவேண்டும். எனவே நெசவாளர்கள் கடன் வாங்கியாவது இன்வெர்டர் வாங்கினார்கள். இரண்டு வருஷத்துக்குள் “பேட்டரி போச்சு தம்பி” என்று என்னிடம் வந்தார்கள்.

ஹைட்ரோமீட்டரை விட்டுப் பார்த்தால் ஆசிட் நீர்த்துக் கிடக்கும். ஒரு வீடு இல்லை, தெருவே அப்படி. முதலில் பேட்டரி மட்டம் என்று நினைத்தேன். பிறகு ஒரு வீட்டில் அரை நாள் உட்கார்ந்து பார்த்தபோதுதான் புரிந்தது. ஒரு மணி நேரம் கரண்ட் இருக்கும், ஒரு மணி நேரம் இருக்காது. ஈயப் பேட்டரி வயிற்றில் முதல் எண்பது பங்கு வேகமாக நிறையும். கடைசி இருபது பங்குக்கு ஏறக்குறைய அதே அளவு நேரம் வேண்டும். 14.4 வோல்ட்டில் நிறுத்தி, ஆம்பியர் மெல்லக் குறைந்து அடங்கும்வரை பொறுத்திருக்கவேண்டும். அந்தப் பொறுமைக்குக் கரண்ட் இடம் தரவில்லை. நிறையாமல் விட்ட இடத்தில் ஈய சல்பேட் படிந்து, நாளாக நாளாகக் கல்லாக இறுகிவிடும். அந்தப் பேட்டரிகளை யாரும் அடித்து வேலை வாங்கவில்லை. பட்டினி போட்டே கொன்றோம்.

அன்றைக்கு மனதில் பதிந்ததுதான் இன்றைக்கும் என் தொழில். பேட்டரி வாங்க வருகிறவரிடம் “எத்தனை ஏஎச் (ஆம்பியர்-மணி)?” என்று நான் முதலில் கேட்பதில்லை. “எதிலிருந்து நிறைப்பீங்க, எத்தனை மணி நேரம் கிடைக்கும்?” என்று கேட்கிறேன்.

போன வருஷம் சின்ன காஞ்சிபுரத்திலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். இருவரும் பள்ளிக்கூட ஆசிரியர்களாக இருந்து ஓய்வு பெற்றவர்கள். பழைய வேன் ஒன்றை வாங்கி உள்ளே படுக்கையும் சின்ன அடுப்பும் வைத்திருந்தார்கள். திவ்யதேசங்களுக்குப் போய், மண்டபத்துக்கும் லாட்ஜுக்கும் அலையாமல் ஆற்றங்கரையிலும் கோயில் குளக்கரையிலும் தங்குவது அவர்கள் ஆசை. சார் ஒரு தாளில் “200 ஏஎச் டியூப்ளர்” என்று எழுதிக்கொண்டு வந்திருந்தார். அம்மா மட்டும் ஒன்று சொன்னார்: “தம்பி, எனக்கு இன்சுலின் இருக்கு. அது சூடாகக் கூடாது.”

தாளை வாங்கிப் பின்பக்கத்தில் கணக்குப் போட்டோம். 12 வோல்ட் விசிறி இரண்டு, ஒவ்வொன்றும் இரண்டு ஆம்பியர், ராத்திரி எட்டு மணி நேரம்: 32 ஆம்பியர்-மணி. எல்இடி விளக்குக்கு மூன்று. போன்களுக்கு ஐந்து. 45 வாட் கம்ப்ரஸர் வைத்த சின்ன ஃபிரிட்ஜ், பாதி நேரம் ஓடினாலும் நாளைக்கு 45. காலையில் பத்து நிமிஷம் மிக்ஸி ஓட்ட, இன்வெர்டர் தின்பதையும் சேர்த்து எட்டு. மொத்தம் 93. இண்டக்ஷன் அடுப்பும் வேண்டும் என்றார் சார். 1500 வாட் அடுப்பு 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 130 ஆம்பியர் இழுக்கும். கேஸ் இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டேன். தறியில் பாவின் இழையை எண்ணாமல் யாரும் நெய்ய உட்காருவதில்லை. இதுவும் அப்படித்தான். இந்த எண் இல்லாமல் பேட்டரியைப் பற்றிப் பேசுவதே வீண்.

டியூப்ளர் போன்ற ஈயப் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது என்பதால் 93க்கு 200 ஏஎச் வேண்டும். சார் எழுதிய எண் சரிதான். ஆனால் அது அறுபது கிலோவுக்கு மேல் கனம். உயரமான டியூப்ளர் பேட்டரி நிற்கிற இடத்தில் நிற்பதற்குச் செய்தது. குண்டுகுழிச் சாலையில் ஆசிட் சிந்தும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வேறு வரும். இரண்டு பேர் மூடிப் படுக்கும் அறைக்குள் அதை வைக்க என் மனம் ஒப்பவில்லை. 150 ஏஎச் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் சொன்னேன். இருபது கிலோவுக்குள் அடங்கும். அடிமட்டத்துக்குப் பக்கம்வரை எடுக்கலாம். எல்லாவற்றையும்விட, அரைவயிற்றோடு கிடந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. தறித்தெருவில் நான் பார்த்த பட்டினிச் சாவு இதற்கு வராது.

“லித்தியம் வெடிக்குமாமே” என்றார் அம்மா. நியாயமான பயம். போனில் இருப்பது வேறு வகை. இந்த பாஸ்பேட் வகை சூட்டைக் கூடுதலாகத் தாங்கும். 1997இல் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃப் குழுவினர் இதை உலகுக்குச் சொன்னார்கள். 1980களில் அவரோடு சேர்ந்து இதற்கு அடிப்படை போட்டவர் தமிழ்நாட்டில் பிறந்து, மதுரையிலும் சென்னை ஐஐடியிலும் படித்த ஆறுமுகம் மந்திரம். 2019இல் குட்இனஃபுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது அவருக்குப் பதிலாக மேடையேறி நோபல் உரையாற்றியவரும் மந்திரம்தான். நம் ஊர் திடலில் நான் ஜம்பர் கேபிளோடு அலைந்த அதே வருஷம். இதைச் சொன்னதும் சாரின் முகம் மலர்ந்தது. ஆனாலும் பயத்துக்கு மரியாதை கொடுத்தே வேலை செய்யவேண்டும். பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் பியூஸ். எஞ்சின் பக்கமும் வெயில் படும் பெட்டியிலும் பேட்டரி கூடாது. சித்திரை வெயிலில் மூடிய வேன் அடுப்பாகிவிடும். படுக்கைக்குக் கீழே, காற்று ஓடும் இடத்தில், ஆடாமல் இறுக்கிக் கட்டினேன்.

இனி நிறைக்கிற பாடு. வேனில் மூன்று வழி உண்டு: எஞ்சின், வெயில், சத்திரத்துப் பிளக்.

எஞ்சினில்தான் நான் முதலில் தவறு செய்தேன், சில வருஷங்களுக்கு முன் ஒரு கச்சேரிக் குழுவின் வண்டியில். முன்னாலிருந்து பின்னால் பேட்டரி வரை ஏழு மீட்டர். கையில் இருந்த ரெண்டரை ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயரை இழுத்துவிட்டேன். போக வர பதினான்கு மீட்டர். அதில் 20 ஆம்பியர் ஓட்ட நினைத்தால் இரண்டு வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். முன்னால் 14.4 இருக்கும், பின்னால் 12.4தான் போய்ச் சேரும். எட்டு மாதத்தில் பேட்டரி செத்தது. புதுசு என் கையிலிருந்து வாங்கிக் கொடுத்தேன். அதன்பிறகு 25 ஸ்கொயருக்குக் குறைந்து நான் ஒயர் இழுப்பதில்லை. செம்பின் விலையைக் கேட்டு முகம் சுளிப்பவர்களிடம் அந்தக் கதையைச் சொல்கிறேன். ஒயர் முனையில் மாட்டும் லக்கை அழுத்துவதும் அப்படியே. கோர்வைப் புடவையில் கரையும் உடலும் சேரும் இடத்தில் பிடி தளர்ந்தால் எவ்வளவு நல்ல பட்டும் பிரிந்துவிடும். முனையில் அழுத்தம் இல்லாத ஒயரும் சுட்டுச் சுட்டு அங்கேயே கருகும்.

லித்தியம் வந்தபிறகு இன்னொரு சங்கடம். அதன் பசி பெரிது. நேராக இணைத்தால் ஆல்டர்னேட்டரிலிருந்து முடிந்த மட்டும் இழுத்து அதைச் சூடாக்கிவிடும். புது பிஎஸ்-6 வண்டிகள் சிலவற்றில் ஆல்டர்னேட்டர் தன் வோல்ட்டைத் தானே ஏற்றி இறக்கவும் செய்யும். அதனால் நடுவில் ஒரு டிசி-டிசி சார்ஜர் வைக்கிறேன். 30 ஆம்பியருக்கு மேல் எடுக்காது, பேட்டரிக்கு வேண்டிய வோல்ட்டை அதுவே கொடுக்கும். எஞ்சின் நின்றால் இணைப்பைத் துண்டித்துவிடும். அத்தி வரதர் காலத்து விடியல் அந்த வண்டிக்கு வராது. மூன்று மணி நேரம் ஓட்டினால் 90 ஆம்பியர்-மணி. ஒரு நாள் செலவு ஏறக்குறைய வழியிலேயே நிறைந்துவிடும்.

வெயிலுக்குக் கூரைமேல் 300 வாட் பேனல். நம் பக்கம் நல்ல நாளில் ஐந்து மணி நேர முழுவெயிலுக்கு ஈடான ஒளி கிடைக்கும். சூடும் தூசியும் பேனல் படுத்தபடி கிடப்பதும் கால் பங்கைத் தின்றாலும் ஒரு நாள் செலவுக்கு ஏறக்குறைய வந்துவிடும். ஆனால் எல்லோரும் புளியமர நிழலைத்தான் தேடி நிறுத்துவார்கள். ஒரு கிளையின் நிழல் பேனலில் கால் பாகத்தில் விழுந்தாலே முக்கால் வேலை நின்றுபோகலாம், உள்ளே செல்கள் வரிசையாகக் கோத்திருப்பதால். நிழலில் வண்டி, வெயிலில் பேனல் என்று இருக்க, மடக்குப் பேனல் ஒன்றும் பத்து மீட்டர் கேபிளும் தனியாகக் கொடுத்தேன். எம்பிபிடி கண்ட்ரோலர் வைத்ததால் பேனல் வோல்ட்டை உயர்த்தி அந்தத் தூரத்தைக் கடக்க முடிகிறது.

பிளக் சார்ஜரில் ஒரே எச்சரிக்கை. வீட்டு இன்வெர்டரின் டியூப்ளர் சார்ஜரை லித்தியத்தில் மாட்டக் கூடாது. அதில் சில சமயம் 15 வோல்ட்டுக்கு மேல் ஏற்றும் வேலை இருக்கும், அப்போது பேட்டரிக்குள் இருக்கும் பிஎம்எஸ் என்ற காவல் சாதனம் கதவை மூடிவிடும். இன்னொன்று, லித்தியத்தின் வோல்ட்டைப் பார்த்து இருப்பைச் சொல்ல முடியாது. முக்காலுக்கும் காலுக்கும் நடுவே அது பெரிதாக அசையாது. போனது வந்ததை எண்ணும் ஷண்ட் மீட்டர் ஒன்று கட்டாயம் வேண்டும்.

பயணத்துக்கு முன் அவர்கள் தெருவிலேயே இரண்டு ராத்திரி வண்டியில் படுக்கச் சொன்னேன். வீட்டு பிளக்கைத் தொடக் கூடாது என்பது நிபந்தனை. ஃபிரிட்ஜ் கதவு சரியாக மூடாதது முதல் ராத்திரியே தெரிந்துவிட்டது. ராமேஸ்வரத்தில் தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பார்கள்?

தை மாதம் ராமேஸ்வரத்திலிருந்து அம்மாவே போன் செய்தார், காலை ஆறு மணிக்கு.

“தம்பி, மீட்டர்ல நாப்பத்தொண்ணுன்னு காட்டுது. சட்னி அரைக்கலாமா?”

“இன்னிக்கு எங்கம்மா போறீங்க?”

“மதுரைக்கு. கூடலழகர் பார்க்கணும்.”

“அங்க போய்ச் சேர மூணு மணி நேரத்துக்கு மேல ஆகும். அரைங்கம்மா.”

பின்னால் மிக்ஸி ஓடும் சத்தம் கேட்டது. இன்சுலின் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். சில்லென்று இருக்கிறது என்றார்.