படப்பை வைத்தியர்

குற்றவாளி நான்தான். பன்னிரண்டு வோல்ட் கேட்கும் ஹார்ட் டிஸ்கில், மேஜையில் கிடந்த லேப்டாப்பின் பத்தொன்பது வோல்ட் அடாப்டரைச் செருகிவிட்டேன். பின் கச்சிதமாகப் பொருந்தித் தொலைத்தது! 'ப்ளக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

உள்ளே என் தங்கையின் கல்யாண வீடியோ. வேறு பிரதி கிடையாது. கல்யாணம் முடிந்து மூன்றாவது மாதம் அப்பா போய்விட்டார். அவர் நடமாடுவது அந்த வீடியோவில் மட்டும்தான். நகரத்தில் ஒரு பெரிய கம்பெனியில் விசாரித்தேன். என் ஒரு மாதச் சம்பளத்தைக் கேட்டார்கள்.

"படப்பைக்குப் போடா" என்றான் ஆபீஸ் நண்பன். "பழைய செல்போன் ஃபாக்டரி ஆள் ஒருத்தர் கடை வெச்சிருக்கார்."

வண்டலூரில் சிங்கம் புலிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாலாஜாபாத் பஸ் ஏறினேன். மண்ணிவாக்கம், கரசங்கால், படப்பை. ஒரகடத்தில் 2010-ல் ரெனோ-நிஸ்ஸான், 2012-ல் டைம்லர், 2013-ல் ராயல் என்ஃபீல்டு என்று ஆலைகள் வந்த பிறகு இந்த ரோடே வேறு. ஷிஃப்ட் பஸ்களும் புதுக் கார் சுமந்த டிரெய்லர்களும் போனது போக மிச்சம்தான் நமக்கு.

கடை ஒரு ஆள் அகலம். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில் வேலை பார்த்தவராம். 2006-ல் உற்பத்தி தொடங்கிய ஆலை, 2014 நவம்பர் முதல் தேதியோடு நின்றது. மனிதர் சால்டரிங் அயர்னை விடவில்லை.

"டக் டக்னு அடிச்சுதா ஸார்?"

"இல்லை. மூச்சே இல்லை. சரியான அடாப்டர் போட்டாலும் அதோட லைட் அணைஞ்சிடுது."

"அப்ப நல்லது. டக் டக்னா உள்ளே ஹெட் போச்சுன்னு அர்த்தம். நான் தொடமாட்டேன்."

பெட்டியைப் பிரித்து, நட்சத்திர ஸ்க்ரூக்களைக் கழற்றி, பச்சை போர்டைப் புரட்டினார். பவர் நுழையும் வாசலிலேயே இரண்டு கறுப்புத் துண்டுகள். மல்ட்டிமீட்டரை ஒன்றில் வைத்தார். மௌனம். அடுத்ததில் வைத்ததும் 'பீ...ப்'.

"ஐந்து வோல்ட் லைன் ஓக்கே. பன்னிரண்டு ஷார்ட். இது டி.வி.எஸ். டயோடு ஸார்." (மொபெட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை!) "கூடுதல் வோல்ட் வந்தா தானே ஷார்ட் ஆகி, பின்னால இருக்கற சிப்பை எல்லாம் காப்பாத்திடும். வாட்ச்மேன் செத்துட்டான், வீடு பத்திரம்."

"அதே மாடல் போர்டு வாங்கி மாட்டிடலாமே?" என்றேன், மேதாவித்தனமாக.

"பழைய டிரைவ்ல நடக்கும். இப்ப ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி அளவு. எட்டுக்கால் சிப் ஒண்ணுல எழுதியிருக்கும். அதையும் பெயர்த்து வைக்கலேன்னா தட்டு சுத்தும், படிக்காது."

ஹாட் ஏர் ஊதியதில் வாட்ச்மேன் கழன்று வந்தான். மறுபடி மீட்டர். சத்தமில்லை. பின்பக்கம் கறுத்திருந்த தொடுமுனைகளை ஸ்கூல் பிள்ளைகளின் ரப்பரால் தேய்த்தார். சரியான அடாப்டர். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

உய்ய்ய்ங்...

"காவல் இல்லாம ஓடுது. வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம்னு நினைக்காதீங்க. இப்பவே காப்பி எடுங்க."

நாற்பது நிமிஷம் ஆனது. அதற்குள் இரண்டு டீ. முந்நூறு ரூபாய்தான் வாங்கினார். என் லேப்டாப் அடாப்டரில் பிளாஸ்திரி ஒட்டி, பெரிதாக '19' என்று எழுதியும் கொடுத்தார்.

பஸ் ஸ்டாப்பிலிருந்து தங்கைக்குப் போன் போட்டேன்.

"எல்லாம் இருக்காண்ணா?"

"இருக்கு."

"அப்பா?"

"பந்தியில நின்னுக்கிட்டு, சாம்பாருக்கு ஆளைக் கூப்பிட்டுட்டிருக்கார்."