அச்சமும் ஜெபமும்

அச்சம் மானிடருக்கு உடன்பிறந்ததோர் குணமாம். குழந்தை இருளுக்கு அஞ்சுகிறது. மாணவன் பரீட்சைக்கு அஞ்சுகிறான். பட்டம் பெற்றவன் உத்தியோகம் கிட்டாதோவென்றும், உத்தியோகம் பெற்றவன் அது நிலையாதோவென்றும் அஞ்சுகின்றனர். முதியோர் நோய்க்கும் மரணத்துக்கும் அஞ்சுகின்றனர். வருமுன் காக்கும்படி நம்மை எழுப்பும் அச்சம் நன்மையே. ஆயின், வராததை வந்ததாகவே எண்ணி, இரவில் நித்திரையையும் பகலில் ஊக்கத்தையும் கெடுக்கும் கவலையோ, மரத்தை உள்ளிருந்து அரிக்கும் செல்லை ஒக்கும். இதனை விசுவாசத்தாலும் ஜெபத்தாலும் வெல்லுதல் கூடுமோ என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருள்.

பரீட்சைக் காலத்தில் விடுதியின் மாலை ஜெபத்திற்கு மற்றைய நாட்களினும் கூட்டம் மிகுதல் நாம் யாவரும் அறிந்ததே. பரீட்சை முடிந்ததும் அக்கூட்டம் கலைந்துவிடும். அச்சத்தினின்று மட்டும் பிறந்த ஜெபம் அச்சத்தோடே மடிவது இயல்பன்றோ? அங்ஙனமாயின் நிலைநிற்கும் ஜெபம் யாது? இதற்கு விடையாக, சரித்திரத்தில் நாம் படித்து நெடுநாள் சிந்தித்த நிகழ்ச்சி ஒன்றைக் கூறுவோம்.

1703-ஆம் ஆண்டில் பிறந்த ஜான் வெஸ்லி, ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில் கல்வியில் சிறந்து, குருப்பட்டமும் பெற்றவர். உபவாசத்திலும் வேதவாசிப்பிலும் சிறைப்பட்டோரைச் சந்திப்பதிலும் ஒழுங்கு தவறாதவர். அவ்வொழுங்கைக் கண்ட பிற மாணவர், அவரையும் அவர்தம் தோழரையும் மெதடிஸ்டுகளெனப் பரிகசித்தனர். 1735 அக்டோபரில் அவர் அமெரிக்காவின் ஜார்ஜியா குடியேற்ற நாட்டிற்குச் செல்லச் சிம்மண்ட்ஸ் என்னும் பாய்க்கப்பலில் ஏறினார். அதே கப்பலில் ஜெர்மன் பாஷை பேசும் மொரேவிய சகோதரர் இருபத்தாறு பேர் இருந்தனர். பிறர் செய்யக் கூசிய தாழ்ந்த வேலைகளை இவர்கள் கூலி பெறாது செய்தனர். எவரேனும் தள்ளினும் அடிப்பினும் முறையிடாது எழுந்து அகன்றனர். இவர்களோடு உரையாடும்பொருட்டே வெஸ்லி ஜெர்மன் பாஷை கற்கலானார்.

1736 ஜனவரி 25, ஞாயிற்றுக்கிழமை. மொரேவியர் சங்கீதம் பாடி மாலை ஆராதனை தொடங்கிய வேளையில், பேரலையொன்று எழுந்து பெரும்பாயைக் கிழித்துக் கப்பலை மூடியது. தளங்களினூடே கடல்நீர் பாய்ந்தது. ஆங்கிலேயப் பிரயாணிகள் அலறினர். மொரேவியரோ பாட்டை நிறுத்தாது அமைதியாய்ப் பாடினர். பின்னர் வெஸ்லி அவருள் ஒருவரை அணுகி, அஞ்சவில்லையோவென வினவ, அவர் கடவுளுக்கு நன்றி கூறி, இல்லையென்றார். பெண்டிரும் பிள்ளைகளும் அஞ்சிலரோவென மீண்டும் வினவ, அவர்களும் மரணத்துக்கு அஞ்சுபவரல்லர் என்று சாந்தமாய் மறுமொழி பகர்ந்தார். முந்திய புயல்களிலேயே, மரிக்கத் தமக்கு மனமில்லாமையைக் கண்டு வெஸ்லி நாணியிருந்தார்.

இவ்வமைதி எங்கிருந்து வந்தது? மொரேவியருள் பலர் விசுவாசத்தினிமித்தம் வீடும் நிலமும் துறந்து, ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்னுமிடத்தில் அடைக்கலம் புகுந்தோர். 1727 ஆகஸ்டில் அங்கே அவர்கள் முறைவைத்து, நாளின் இருபத்துநான்கு மணி நேரமும் இடையறாது ஜெபிக்கத் தொடங்கினர். அவ்வழக்கம் ஏறத்தாழ நூறாண்டு நிலைத்தது. ஆகவே, புயலில் அவர்கள் புதிதாக ஜெபிக்கத் தொடங்கினாரல்லர். நாடோறும் நடந்த பாதையிலேயே அன்றும் நடந்தனர். அச்சபையார் 1760-இல் நமது தரங்கம்பாடிக்கும் வந்து ஊழியம் செய்தமை நாம் நினைக்கற்பாலது.

வெஸ்லியின் அச்சமோ ஒரே நாளில் அகன்றிலது. இங்கிலாந்து திரும்பிய பின், 1738 மே 24 மாலையில், லண்டன் ஆல்டர்ஸ்கேட் வீதியில் நடந்த ஒரு சிறு கூட்டத்திலே, ரோமருக்கு எழுதிய நிருபத்திற்கு லூத்தர் வரைந்த முகவுரையை ஒருவர் வாசிக்கக் கேட்கையில், கிறிஸ்து தமது பாவத்தையும் நீக்கினார் என்னும் நிச்சயத்தை அவர் பெற்றார். அதன் பின்னும் ஐயங்கள் அவரைத் தொடர்ந்தன. எனினும், 1743-இல் வெட்னஸ்பரியில் வெறிகொண்ட கூட்டம் அவரை இழுத்துச் சென்றபோது, அவர் உரத்த சத்தமாய் ஜெபித்தார். அக்கூட்டத்தின் தலைவனே மனம் மாறி அவரைப் பாதுகாத்தான்.

இதனால் நாம் அறிவது யாது? ஜெபம் புயலை அடக்கும் மந்திரமன்று. மொரேவியர் பாடியபோதும் பாய் கிழியவே செய்தது. கெத்செமனேயில் நமது ஆண்டவரின் பாத்திரமும் நீங்கவில்லை. ஆயினும் வியாகுலத்தோடு முழங்கால்படியிட்டவர், தம்மைப் பிடிக்க வந்தோரை எதிர்கொள்ளும் திடத்தோடு எழுந்தார். பவுல் அப்போஸ்தலரும், கவலைப்படாது ஸ்தோத்திரத்தோடு விண்ணப்பம் செய்யும்படி பிலிப்பியருக்கு எழுதியது விலங்கு பூண்டிருந்த நிலையிலன்றோ? கவலை நோயாக முற்றியவிடத்து வைத்தியரை நாடுதலும் விசுவாசத்துக்கு மாறன்று, லூக்காவும் வைத்தியரே.

மற்றுமொன்றுண்டு. பிறர்க்குப் பணிசெய்த கரங்களே புயலில் நடுங்காதிருந்தன. தன்னையே எண்ணுபவனிடம் அச்சம் வளரும்; பிறரை எண்ணுபவனிடம் அதற்கு இடம் குறையும்.

ஆதலின், அன்பார்ந்த மாணவர்காள்! கடல் அமைதியாயிருக்கும் நாளிலேயே ஜெபிக்கப் பழகுவோமாக. காலையில் சில நிமிஷங்களேனும் நமது பயங்களை ஒவ்வொன்றாகப் பெயரிட்டுத் தேவசமுகத்தில் வைத்து, பின்னர் அந்நாளின் கடமையைக் கையிலெடுப்போமாக. கலாசாலையை விட்டு அகலும் நாம் யாவரும் ஒருநாள் ஆழ்ந்த கடலைக் காண்போம். அன்று நமது நாவில் பாட்டு நிலைக்குமாறு, இன்றே அதனைக் கற்போமாக.