ஆண்டாள் கதையை ஊருக்குத் திரும்பக் கொண்டுவந்தவர்

ராஜபாளையம் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது அந்த வெள்ளை நாய். அடுத்தது பஞ்சாலைகள். ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் பால்கோவாவும் ஆண்டாள் கோயில் கோபுரமும். பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் போய்விடலாம். அந்தச் சின்ன தூரத்தை, ஆந்திரா வழியாகச் சுற்றிக் கடந்தவர் ஒருவர் உண்டு. பன்மொழிப் புலவர் மு.கு.ஜகந்நாத ராஜா. 1933-ல் ராஜபாளையத்தில் பிறந்தவர். 2008 டிசம்பரில் காலமானார்.

தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், சமஸ்கிருதம், பிராகிருதம், பாலி என்று அவருக்குத் தெரிந்த மொழிகளை அடுக்கிக்கொண்டே போகலாம். ஆனால் அந்தப் பட்டியல் வெறும் வியப்போடு முடிந்துவிடும். அவரைப் புரிந்துகொள்ள, ராஜபாளையத்து வீடுகளில் பேசும் தெலுங்கிலிருந்து தொடங்க வேண்டும்.

ஆந்திரப் பக்கத்திலிருந்து பல தலைமுறைக்கு முன்பு வந்து குடியேறிய ராஜுக்கள் வாழும் ஊர் அது. அடுக்களையிலும் திண்ணையிலும் தெலுங்கு; தெரு, பள்ளிக்கூடம், கடைக் கணக்கு எல்லாம் தமிழ். பேசத் தெரியும், எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாது என்பவர்களே அதிகம். பாட்டி தெலுங்கில் கேட்பார், பேரன் தமிழில் பதில் சொல்வான். தென் மாவட்டங்களில் இப்படிப்பட்ட வீடுகள் நிறைய. கரிசல் தமிழுக்கே முகவரியாகிப்போன கி.ராஜநாராயணன் வீட்டுத் தெலுங்கில் வளர்ந்தவர்தான். இலக்கியம் இல்லாத வெறும் வீட்டுப் பேச்சு என்று அந்தத் தெலுங்கை அதைப் பேசுகிறவர்களே நினைத்துக்கொள்வதுண்டு. ஜகந்நாத ராஜா அப்படி விட்டுவிடவில்லை. பேச்சோடு நிற்காமல் அதன் பெரிய காவியங்கள்வரை போனார். அங்கே அவர் கண்டெடுத்தது பக்கத்து ஊர்க் கதையை!

விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் 16-ஆம் நூற்றாண்டில் எழுதிய ‘ஆமுக்த மால்யத’ தெலுங்கின் ஐம்பெருங்காவியங்களில் ஒன்று. சூடிக்கொடுத்தவள் என்பதுதான் தலைப்பின் பொருள். கலிங்கப் படையெடுப்பின்போது கிருஷ்ணா நதிக்கரை ஸ்ரீகாகுளத்தில் ஆந்திர விஷ்ணு அரசரின் கனவில் வந்து, ஆண்டாள் கல்யாணக் கதையைத் தெலுங்கில் எழுதச் சொன்னதாகக் காவியமே சொல்கிறது. வில்லிபுத்தூரைத் தெலுங்கு வாசகர் கண்முன் நிறுத்தியவர் ராயர். அதைத் தமிழில் தந்தவர் ஜகந்நாத ராஜா. 1989-க்கான சாகித்திய அகாதமி மொழிபெயர்ப்புப் பரிசு இந்த நூலுக்குத்தான் கிடைத்தது.

அது சுலபமான வேலை இல்லை. ராயரின் தெலுங்கு மிகவும் இறுக்கமானது என்று தெலுங்குக்காரர்களே சொல்வார்கள். ஒரு பக்கம் நீளநீளமான சமஸ்கிருதத் தொடர்கள். இன்னொரு பக்கம் வயல், மழை, சமையல் என்று அன்றாட வாழ்க்கை. வில்லிபுத்தூரில் பெரியாழ்வார் அடியார்களுக்குச் சாப்பாடு போடுகிற இடம் ஒன்று போதும். பருவத்துக்கு ஏற்ற பந்தி. மழைக்காலத்தில் சோறு, தோல் நீக்கிய பருப்பு, நெய்யில் வதக்கிய கறி, வடகம், தயிர். கோடையில் இளஞ்சூடான சோறு, மோர்க்குழம்பு, கரும்புச்சாறு, இளநீர். குளிருக்கு மிளகு போட்ட சூடான கறி, மூக்கில் ஏறும் கடுகுத் துவையல், பாயசம். ஒரு பேரரசர் அடுக்களைக்குள் இவ்வளவு தூரம் நுழைந்து பார்த்திருக்கிறார்! வீட்டுத் தெலுங்கு இந்த வடகத்துக்கும் துவையலுக்கும் கைகொடுத்திருக்கும். மற்றதற்கெல்லாம் வருடக்கணக்கான படிப்புதான்.

தெலுங்கோடும் அவர் நிற்கவில்லை. சாதவாகன மன்னன் ஹாலன் தொகுத்த ‘காதா சப்தசதி’யைப் பிராகிருதத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவந்தார். எழுநூறு சின்னச் சின்னக் காதல் பாட்டுகள். கிராமத்துப் பெண்கள், உழவர்கள், தோழி, பிரிந்து போன கணவன் என்று வாசிக்க வாசிக்க நம் குறுந்தொகை ஞாபகத்துக்கு வரும். அந்த உறவை ஆராய்ந்து ‘தமிழும் பிராகிருதமும்’ என்று தனியாக ஒரு நூலும் எழுதினார். எதிர்த்திசையிலும் போனார், முத்தொள்ளாயிரத்தைத் தெலுங்குக்குக் கொண்டுசென்றார். ஊரில் மணிமேகலை மன்றம் என்ற அமைப்பையும் நடத்தினார். பெரிய பல்கலைக்கழகம் இருக்கும் நகரத்துக்குக் குடிபோகாமல், ஆலைச் சங்கு ஒலிக்கும் ஊரில் இருந்துகொண்டே பாலியும் பிராகிருதமும் படித்த மனிதர்.

அவருக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் இழந்தது ஒரு நல்ல ஆசானை, நண்பரை. நேரில் பார்க்காத வாசகர்களுக்கு இழப்பு வேறு. பிராகிருதத்தை நேரடியாக வாசித்து, அதில் சங்கப் பாட்டின் சாயலைக் கண்டு, அதைத் தமிழில் எடுத்துச் சொல்லத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? பன்மொழிப் புலவர் இறந்தால் ஒரே நாளில் பல வாசல்கள் சாத்திக்கொள்கின்றன. மொழிபெயர்ப்பாளர் என்றால் அட்டையில் பெயரைச் சின்ன எழுத்தில் போடும் வழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. ஊர்ப்பெருமை பேசும்போது நாய்க்குக் கிடைக்கிற இடம் புலவருக்குக் கிடைப்பதில்லை என்று சொன்னால் ராஜபாளையத்துக்காரர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்பலாம்.

ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் தேர் ஓடும். வடம் பிடிக்க நிற்கும் கூட்டத்தில் தெலுங்கும் காதில் விழும். அடுத்த தடவை தேர் பார்க்கப் போகிறவர்கள், அதற்கு முன்னால் உங்கள் ஊர் நூலகத்தில் ‘ஆமுக்த மால்யத’ தமிழில் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் முதலில் அந்தப் பந்தியைப் படியுங்கள்.