தாய்க்கோழிக்குத் தெரியாதது

குப்பத்திலிருந்து வி.கோட்டைக்குப் போகும் சாலையில் இருக்கிறது எங்கள் சாந்திபுரம். ஒரு பக்கம் தமிழ்நாட்டு எல்லை, மறுபக்கம் கர்நாடக எல்லை. வீட்டில் தமிழ் பேசி, கடைத்தெருவில் தெலுங்கு பேசி வாழ்கிறவர்கள் நாங்கள். மழையை நம்பிக் கேழ்வரகும் வேர்க்கடலையும், தண்ணீர் இருக்கிறவர்களுக்கு மல்பெரியும் தக்காளியும், கொட்டகையில் கறவை மாடு என்று போகிறது பிழைப்பு. எந்த வீட்டுப் பின்கட்டிலும் நாட்டுக்கோழி மேயாமல் இருக்காது. கங்கம்மா ஜாத்திரைக்கு ஒரு சேவல், மருமகன் வந்தால் ஒரு வெடைக்கோழி, கையில் காசில்லாத நாளில் விற்க இரண்டு என்று அதற்கொரு கணக்கு உண்டு.

இப்போது இளம்பிள்ளைகள் சிலர் அதே பின்கட்டில் வான்கோழியும் வளர்க்க ஆசைப்படுகிறார்கள். “தாத்தா, ரெண்டையும் ஒண்ணா விட்டா ஆகுமா?” என்று கேட்டு வருகிறார்கள். ஒரே வீட்டில் வளர்க்கலாம், ஒரே மண்ணில் விடக்கூடாது என்பதுதான் என் பதில். ஏன் என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். வாழ்க்கையில் நான் மிகவும் பிந்திப் புரிந்துகொண்ட விஷயம் ஒன்று அதில் இருக்கிறது.

ஆசைப்படுவதில் தவறில்லை. வான்கோழி நன்றாக மேயும். கரையான், வெட்டுக்கிளி, நத்தை, களத்தில் சிந்திய தானியம், சமையற்கட்டில் மிஞ்சியது எதையும் விடாது. வளர்ந்த பறவைக்குத் தீனியில் பாதி வரை குதிரைமசால், வேலிமசால், கீரை என்று பசுந்தீவனமாகவே கொடுத்துவிடலாம். நல்ல இனத்துச் சேவல் 16 வாரத்தில் 7 கிலோவைத் தொடும். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உள்ளூர்க் கறுப்பு வான்கோழியையும் பெல்ட்ஸ்வில் சிறு வெள்ளை இனத்தையும் கலந்து ‘நந்தனம் வான்கோழி-1’ என்றொரு இரகத்தை நம் பக்கத்து வெயிலுக்குத் தோதாக உருவாக்கியிருக்கிறது.

ஆனால் வான்கோழிக் குஞ்சு முதல் நாட்களில் மிகவும் பாவப்பட்ட உயிர். கோழிக்குஞ்சு ஓட்டை உடைத்து வெளியே வந்த சில மணி நேரத்தில் தரையைக் கொத்தத் தொடங்கிவிடும். வான்கோழிக் குஞ்சுக்கு அது தானாகத் தெரிவதில்லை. பக்கத்திலேயே தீனி இருக்கும், தண்ணீர் இருக்கும். கண்ணுக்குப் படாமல் பட்டினியிலேயே செத்துப்போகும். அதனால்தான் பண்ணைகளில் முதல் 15 நாள் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 100 மில்லி பால் கலந்தும், 10 குஞ்சுக்கு ஒரு அவித்த முட்டை என்ற கணக்கிலும் ஊட்டிவிடச் சொல்கிறார்கள். கண்ணைக் கவர்வதற்காகத் தண்ணீர்த் தட்டில் வண்ணக் கோலிக்குண்டு போடுகிறவர்களும் உண்டு.

கிராமத்து வழி வேறு. அடைக்கு உட்காரும் நாட்டுக்கோழியின் வயிற்றுக்கடியில் வான்கோழி முட்டைகளை வைத்துவிடுவோம். கோழி முட்டை பொரிய 21 நாள், வான்கோழி முட்டைக்கு 28 நாள். இரண்டையும் ஒரே நாளில் வைத்தால், கோழிக்குஞ்சுகள் முதலில் வெளியே வந்ததும் தாய் அவற்றைக் கூட்டிக்கொண்டு எழுந்து போய்விடும். மற்ற முட்டைகள் ஆறிப்போகும். கைப்பக்குவம் தெரிந்த பெண்கள் வான்கோழி முட்டையை முதலில் வைத்து, ஒரு வாரம் கழித்துக் கோழி முட்டையைச் சேர்ப்பார்கள். எல்லாம் சேர்ந்தாற்போல் பொரியும்.

அதற்குப் பிறகு நடப்பதைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். தாய் காலால் கிளறி, குரல் கொடுத்து, ஒரு மணியைக் கொத்திக் கீழே போட்டுக் காட்டும். கோழிக்குஞ்சு ஓடிவந்து கொத்தும். அதைப் பார்த்து வான்கோழிக் குஞ்சும் தயங்கித் தயங்கிக் கொத்தும். இரண்டு நாளில் பழகிவிடும். பாலும் முட்டையும் ஊட்டி மனிதன் பாடுபட்டுச் செய்வதைத் தாய்க்கோழி சாதாரணமாகச் செய்துவிடுகிறது. தன் இனமில்லாத பிள்ளை என்று அது ஒருபோதும் தள்ளி நிறுத்துவதில்லை.

சில வாரங்கள் இப்படிப் போகும். பிறகு ஒரு நாள் வான்கோழிக் குஞ்சு இறக்கையைத் தொங்கவிட்டு ஒதுங்கி நிற்கும். எச்சம் கந்தக மஞ்சளாகப் போகும். ஒன்று சாய்ந்தால் அடுத்தடுத்து மற்றவையும் சாயும். கண்ணேறு என்பார்கள், வெள்ளைக்கழிச்சல் என்பார்கள். தாய்க்கோழிக்கு ஒன்றும் இருக்காது. கூடப் பொரிந்த கோழிக்குஞ்சுகளும் பெரும்பாலும் துள்ளிக்கொண்டுதான் திரியும்.

இதற்குக் கருந்தலை நோய் என்று பெயர். தலை கறுக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், பல பறவைகளில் கறுப்பதே இல்லை. ஹிஸ்டோமோனாஸ் என்ற கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிர் குருட்டுக்குடலைப் புண்ணாக்கி, ஈரலுக்கு ஏறி, அங்கே வட்ட வட்டமாகக் குழித்துவிடும். அது தங்கியிருக்கும் இடம் கோழியின் குருட்டுக்குடலில் வாழும் சின்னஞ்சிறு புழுவின் முட்டை. கோழி அந்தப் புழுவைச் சுமந்துகொண்டே ஆரோக்கியமாக வாழ்கிறது. அதன் எச்சத்தோடு புழுமுட்டை மண்ணில் விழுகிறது. ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் அது ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மண்புழு அதை விழுங்கி வைத்திருக்கும். வான்கோழி அந்த மண்ணைக் கொத்தும், அந்த மண்புழுவைத் தின்னும். வான்கோழி மந்தைக்குள் நோய் ஒருமுறை நுழைந்துவிட்டால், புழுவின் தயவு இல்லாமலே ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொற்றும். கோழிகளில் சிலவற்றோடு நின்றுவிடும் நோய் வான்கோழிகளில் மந்தையையே வாரிக்கொண்டு போகக்கூடும்.

இதைக் கண்டுபிடிக்க அறிவாளிகளுக்கே ஒரு தலைமுறை ஆனது. 1893-இல் அமெரிக்காவின் ரோட் தீவு மாநிலத்தில் கஷ்மன் என்பவர் இந்நோயைப் பற்றி எழுதினார். 1895-இல் தியபால்ட் ஸ்மித் நோய்க்கிருமியை அடையாளம் காட்டினார். மாட்டுக் காய்ச்சலை உண்ணி பரப்புகிறது என்று அதற்கு முன்பே நிரூபித்த பெரிய மனிதர் அவர். கோழியின் குடற்புழு முட்டைதான் இந்த நோயைச் சுமக்கிறது என்பதை அவரும் கிரேபில் என்பவரும் நிறுவியது 1920-இல். அவ்வளவு காலம் பிடித்ததற்குக் காரணம் எளிது: நோயாளியையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் கொழுகொழுவென்று மேய்ந்துகொண்டிருந்த கோழியை யாரும் சந்தேகிக்கவில்லை.

அந்த வரலாற்றைப் படித்தபோது எனக்கு என் பெரியப்பாதான் நினைவுக்கு வந்தார். நாள் தவறாமல் சாயங்காலம் சாராயம் குடிப்பார். விடியற்காலை எல்லோருக்கும் முன்னால் ஏர் பூட்டிக்கொண்டு போய்விடுவார். யாரையும் ஒரு வார்த்தை வைததில்லை, ஒருவரிடமும் கடன் வைத்ததில்லை, எண்பதைத் தாண்டி வாழ்ந்தார். மகனுக்கு உழவும் விதைப்பும், மாட்டின் பல்லைப் பார்த்து வயது சொல்வதும், சந்தையில் விலை பேசுவதும் அவர்தான் கற்றுக்கொடுத்தார். அந்த மகன் குடியையும் அதே திண்ணையில்தான் கற்றுக்கொண்டான். அவன் உடம்பும் மனசும் வேறு. நிலம் போயிற்று, மனைவி பிறந்த வீட்டுக்குப் போனாள், கடைசியில் அவனும் போனான். “நானும்தானே குடிச்சேன், எனக்கு என்ன ஆச்சு?” என்று பெரியப்பா கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். மனசாரக் கேட்டார். பிள்ளைமேல் அவருக்கு இருந்த பாசத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

இப்படிப்பட்ட பேச்சை எத்தனை வீட்டில் கேட்டிருக்கிறேன்! மாமியாரிடம் பட்ட சொல்லையெல்லாம் விழுங்கி எழுந்து நின்ற பெண், தன் மருமகளும் விழுங்குவாள் என்று நினைக்கிறாள். அடிபட்டே படித்து முன்னுக்கு வந்த தகப்பன், திருப்பதியில் பயிற்சி வகுப்பில் தூக்கமில்லாமல் கிடக்கும் பிள்ளையிடம், நாங்கள் படாததா என்கிறான். தாங்கியவருக்கு அது ஒன்றுமே இல்லை, அதனால்தான் அது தன்னிடம் இருப்பதே அவருக்குத் தெரிவதில்லை. என் வயதுக்காரர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். நமக்கு வலிக்காத எதை நாம் வீட்டு மண்ணில் விட்டிருக்கிறோம் என்று நாம்தான் தேடிப் பார்க்க வேண்டும். சாய்ந்து நிற்கும் பிள்ளையிடம் “உனக்குத் தெம்பில்லை” என்று சொல்வது நியாயமாகாது.

அதற்காகத் தாய்க்கோழியைக் குற்றவாளியாக்கவும் கூடாது. அது கற்றுக்கொடுக்காவிட்டால் குஞ்சு முதல் வாரமே போயிருக்கும். தாயைச் சுத்தப்படுத்தி, இடத்தை மாற்றிக்கொடுப்பதுதான் வழி.

அடைக்கு உட்காருவதற்கு முன்பே அதற்குக் குடற்புழு மருந்து கொடுத்துவிட வேண்டும். மாட்டாஸ்பத்திரியில் அளவு கேட்டுக் கொடுங்கள். குஞ்சுகளோடு தாயை, முன்பு கோழி மேய்ந்த மண்ணில் இறக்காமல், தரைக்கு மேலே மூங்கில் பட்டையோ மரச்சட்டமோ அடித்த தளத்தில் வையுங்கள். எச்சம் கீழே போய்விடும். முதல் வாரம் 35 டிகிரி வெதுவெதுப்பு வேண்டும், பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைக்கலாம். எங்கள் ஊர் மார்கழிக் குளிரில் குஞ்சு எடுக்காமல் இருப்பது நல்லது. தீனியும் ஒன்றாகாது. கோழிக்குஞ்சுக்குப் புரதம் 20, 22 சதவீதம் போதும், வான்கோழிக் குஞ்சுக்கு 28 வேண்டும். கொத்திப் பழகியதும் தாயையும் கோழிக்குஞ்சுகளையும் பிரித்து, கோழியே மேயாத, வெயில் படும் உலர்ந்த நிலத்தில் வான்கோழிகளை வளருங்கள். காலையில் தீனி வைக்கப் போகும்போது வான்கோழிப் பக்கம் முதலில், கோழிப் பக்கம் பிறகு, செருப்பு தனித்தனி. வளர்ந்த வான்கோழிச் சேவல் நாட்டுச் சேவலோடு மோதுவதும், பாரம் தாங்காத பெட்டைக்கோழியை மிதித்துக் காயப்படுத்துவதும் தனிக் காரணங்கள். பிரித்து வைத்தால் அந்தத் தொல்லையும் இல்லை. இடம் குறுக்கமாக இருந்தால் இரண்டில் ஒன்றை மட்டும் வளருங்கள்.

நோய் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்க வேண்டாம். அமெரிக்காவிலேயே இந்த நோய்க்குத் தடுப்பாகக் கொடுத்துவந்த கடைசி மருந்து, ஆர்செனிக் கலந்தது என்பதால், 2015-ஆம் ஆண்டோடு விலக்கப்பட்டுவிட்டது.

திருப்பதியில் 1955 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2005-இல் அங்கேயே ஸ்ரீ வெங்கடேசுவரா கால்நடைப் பல்கலைக்கழகமும் வந்தது. அங்கே படித்து வந்தவர்கள் நம் மாட்டாஸ்பத்திரிகளில் இருக்கிறார்கள். செத்த குஞ்சைக் குப்பைமேட்டில் வீசாமல் ஒரு பையில் கட்டி எடுத்துக்கொண்டு அவர்களிடம் போங்கள். ஈரலை அறுத்துப் பார்த்தால் சொல்லிவிடுவார்கள். தெரிந்துகொள்ளாமல் அடுத்த ஈட்டுக் குஞ்சை அதே மண்ணில் இறக்கிவிடாதீர்கள்.