கம்பெனி பஸ் நிற்கும் ஊர்கள்: ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை

காஞ்சிபுரம் மாவட்டத்தின் பல கிராமங்களில் விடிவதற்கு முன்பே இரண்டு வண்டிகள் வந்துவிடும். ஒன்று பால் வண்டி. இன்னொன்று கம்பெனி பஸ். பால் சொசைட்டிக்குக் கேனைத் தூக்கி வரும் அம்மாவும், கழுத்தில் அடையாள அட்டையோடு பஸ்ஸுக்கு நிற்கும் மகளும் ஒரே வீட்டைச் சேர்ந்தவர்களாக இருப்பார்கள். ஏரிப் பாசனத்தில் ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் குடும்பங்கள் பலவற்றில் நிலத்தின் வரும்படியோடு ஆலைச் சம்பளமும் சேர்ந்தால்தான் வண்டி ஓடுகிறது.

அந்தச் சம்பளத்தை வீட்டில் இருந்துகொண்டே சம்பாதிக்க முடியுமா, ஊரை விட்டுப் போய் விடுதியில் தங்கித்தான் சம்பாதிக்க வேண்டுமா என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் ஒன்றுதான்: கம்பெனி பஸ் நம் ஊருக்கு வருகிறதா, இல்லையா?

ஏரிகளுக்கு நடுவே ஆலைகள்

பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கே போனால் இடதுபுறம் செம்பரம்பாக்கம் ஏரி. அடுத்து இருங்காட்டுக்கோட்டை. 1998-ல் இங்கேதான் ஹூண்டாய் ஆலையிலிருந்து முதல் சான்ட்ரோ கார்கள் வெளியே வந்தன. அதற்கு அடுத்து ஸ்ரீபெரும்புதூர். ராமானுஜர் பிறந்த ஊர். ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் சித்திரைத் திருவாதிரையையொட்டி அவருடைய அவதார உற்சவம் நடக்கும்போது சுற்றுவட்டாரமே திரண்டு வரும். ராஜீவ் காந்தி 1991 மே 21 அன்று கொல்லப்பட்ட இடத்தில் அமைந்த நினைவிடமும் இங்கேதான். இன்னும் மேற்கே போனால் சுங்குவார்சத்திரம். சாம்சங், ஃபாக்ஸ்கான் போன்ற மின்னணு ஆலைகள் இந்தப் பக்கம்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து தெற்கே திரும்பும் சாலை சுமார் 25 கி.மீ. ஓடி சிங்கப்பெருமாள் கோவிலில் திருச்சி நெடுஞ்சாலையைத் தொடுகிறது. வழியில் வல்லம் வடகால், முருகன் கோயிலுக்குப் பேர்போன வல்லக்கோட்டை, பிறகு ஒரகடம். வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகும் சாலை இந்தச் சாலையை வெட்டும் இடம் ஒரகடம் கூட்டு ரோடு. 2010-ல் ரெனோ–நிசான் கார் ஆலை, 2012-ல் டைம்லர் லாரி ஆலை, 2013-ல் ராயல் என்ஃபீல்டு என்று வரிசையாக வந்தன. அவற்றுக்கு உதிரி பாகம் செய்து கொடுக்கும் சிறு, நடுத்தர ஆலைகளும் சுற்றிலும் முளைத்தன. 1971-ல் தொடங்கப்பட்ட தமிழக அரசின் சிப்காட் நிறுவனம்தான் இவற்றுக்கான தொழிற்பூங்காக்களை அமைத்தது.

காஞ்சிபுரம் சீமையை ஏரி மாவட்டம் என்று சொல்வது வழக்கம். அந்த ஏரிகள் பல இன்றும் ஆலைச் சுவர்களுக்கு இடையே இருக்கின்றன. மதகுக்குக் கீழே ஒருபக்கம் நவரை நெல்லும், மறுபக்கம் கண்டெய்னர் லாரிகளுமாக இருக்கும் காட்சியை இந்தச் சாலைகளில் சாதாரணமாகப் பார்க்கலாம்.

ரயில் இல்லாத தொழிற்பேட்டை

இத்தனை பெரிய தொழில் வட்டாரத்துக்குள் பயணிகள் ரயில் கிடையாது. கிழக்கே சிங்கப்பெருமாள் கோவில், தெற்கே வாலாஜாபாத் என்று ரயில் நிலையங்கள் ஓரத்தில்தான் இருக்கின்றன. ஆவடியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாகக் கூடுவாஞ்சேரிக்குப் பாதை போடும் திட்டம் பல ஆண்டுகளாகப் பேச்சிலேயே இருக்கிறது. பூந்தமல்லி மெட்ரோவைப் பரந்தூர் வரை நீட்டும் திட்டமும் இனிமேல்தான் வர வேண்டும். அதனால் ஷிப்ட் மாறும் நேரத்தில் ஆட்களைக் கொண்டுவந்து சேர்க்கும் பொறுப்பு முழுவதும் பஸ்களின் தலையில் விழுகிறது.

பெரிய ஆலைகள் பெரும்பாலும் சொந்தமாக பஸ் வாங்குவதில்லை. தனியார் பஸ் உரிமையாளர்களிடம் ஒப்பந்தம் போடுகின்றன. ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஒரு ரூட் எண், கண்ணாடியில் ஆலையின் பெயர். காலை 6 மணி, பகல் 2 மணி, இரவு 10 மணி ஆகியவற்றையொட்டி, ஆலைக்கு ஆலை அரைமணி முன்பின்னாக ஷிப்ட் மாறும். அந்த நேரத்தில் ஒரகடம் கூட்டு ரோட்டில் நின்று பார்த்தால் நாலு திசையிலிருந்தும் பஸ்கள் வரிசை கட்டி வருவது தெரியும். காஞ்சிபுரம், உத்திரமேரூர், செய்யாறு, வந்தவாசி, அரக்கோணம் பக்கமிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள்.

ஆனால், சிப்காட்டுக்குள் புதிதாகப் போகும் ஒருவருக்கு இத்தனை பஸ் ஓடியும் பயனில்லை. அட்டை இல்லாதவரை எந்தக் கம்பெனி பஸ்ஸும் ஏற்றாது. விடுதியில் தங்கி வேலை பார்க்கும் மகளைப் பார்க்கப் போகும் பெற்றோர், அரசு பஸ்ஸில் மெயின் ரோட்டில் இறங்கி, அங்கிருந்து ஷேர் ஆட்டோ பிடிக்க வேண்டும். ஷிப்ட் நேரம் தவிர ஆட்டோவும் அரிது. ஒரு ஆலையின் வாசலிலிருந்து அடுத்த ஆலையின் வாசலுக்கே ஒரு கிலோமீட்டருக்கு மேல் இருக்கும்; வழியில் நிழல் குறைவு. அதனால் காலை 8 மணிக்கு முன்போ, பகல் ஷிப்ட் மாறும் வேளையிலோ போய்ச் சேர்வது நல்லது. போகும் முன் எந்த கேட், எந்தத் தெரு என்று மகளிடம் தெளிவாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். சிப்காட் என்று மட்டும் சொன்னால் இந்த வட்டாரத்தில் அரை டஜன் இடங்கள் இருக்கின்றன.

தூரத்தின் கணக்கு

ஆலையிலிருந்து 60 கி.மீ. தள்ளியிருக்கும் ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். பஸ் பல ஊர்களில் நின்று ஆள் ஏற்றி வருவதால் ஒரு வழிக்கு 2 மணி நேரம் ஆகும். காலை 6 மணி ஷிப்டுக்கு 3.45-க்கே பஸ் ஏற வேண்டும். எழுந்திருப்பது 3 மணிக்கு. வேலை முடிந்து வீடு திரும்பும்போது மாலை 4 மணி தாண்டியிருக்கும்.

ஒரு நாளைக்கு 4 மணி நேரம், மாதத்துக்கு 26 நாள் என்றால் 104 மணி நேரம் பஸ்ஸில் போகிறது. 8 மணி நேர ஷிப்டாகக் கணக்குப் பார்த்தால், மாதம் 13 ஷிப்ட் சம்பளமில்லாமல் பயணத்தில் கழிகிறது. சம்பளத்தைச் சொல்லி ஆள் எடுப்பவர்கள் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை. வீட்டிலிருந்து போய் வருவதா, விடுதியில் தங்குவதா என்று முடிவு செய்யும்போது சாப்பாட்டுச் செலவு, வாடகையோடு இந்த 104 மணி நேரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

விடுதி வாழ்க்கைக்கும் ஒரு விலை உண்டு. 2021 டிசம்பரில், ஃபாக்ஸ்கான் ஊழியர்கள் தங்கியிருந்த தனியார் விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகி நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் பாதிக்கப்பட்டார்கள். அவர்களுடைய தோழிகள் பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறியல் செய்தபிறகுதான், விடுதிகளின் நிலை நாட்டுக்குத் தெரிந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாய் செலவில், 18,720 பேர் தங்கும் விடுதியை சிப்காட் கட்டித் திறந்தது. ஆலைக்கு அருகிலேயே தங்குவதால் பயண நேரம் மிச்சம். ஆனால், ஞாயிற்றுக்கிழமை நாற்றுப் பிடுங்க, மாடு பார்க்க, வயதானவர்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வீட்டில் ஓர் ஆள் குறைந்துவிடும்.

நடவும் ஷிப்டும்

சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டம் பார்த்த பூமி இது. இன்று எந்தப் பட்டத்திலும் முதல் கவலை ஆள்தான். நடவு நட்ட வீட்டுப் பெண்கள் ஆலைக்குப் போக, நடவுக்குத் தள்ளியிருக்கும் ஊர்களிலிருந்து குட்டியானையில் ஆள் வர வேண்டியிருக்கிறது. வண்டி வாடகையும் கூலியோடு சேர்ந்துகொள்கிறது.

ஆலைக்குப் போகும் பிள்ளைகள் வீட்டிலிருந்தே போய் வரும் குடும்பங்களுக்கு இதில் கொஞ்சம் வசதி உண்டு. ஷிப்ட் வாராவாரம் மாறும் ஆலைகளில், பகல் 2 மணி ஷிப்ட் வரும் வாரம் காலைப்பொழுது முழுவதும் கையில் இருக்கும். உரமிடுவது, வரப்பு வெட்டுவது, தண்ணீர் கட்டுவது போன்ற வேலைகளை அந்த வாரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். இரவு ஷிப்ட் முடித்து வந்தவரை வயலுக்கு அனுப்பக் கூடாது. தூக்கம் கெட்டவர் கையில் மருந்துத் தெளிப்பானும் பவர் டில்லரும் ஆபத்து. இயந்திர நடவு செய்பவர்கள் பாய் நாற்றங்கால் விடும் தேதியையே ஷிப்ட் அட்டவணையைப் பார்த்து முடிவு செய்யலாம்; நாற்று சுமார் 15 நாளில் தயாராகிவிடும். வேளாண் பொறியியல் துறையின் வாடகை இயந்திரங்களுக்கு உழவன் செயலியில் முன்பதிவு செய்யலாம்.

பஸ் நின்றுபோன காலம்

கம்பெனி பஸ்ஸை நம்பி நிலத்தை விடுவது எவ்வளவு சரி என்பதற்கு இந்த வட்டாரத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2006-ல் உற்பத்தியைத் தொடங்கியது. ஆயிரக்கணக்கான இளைஞர்கள், அதிலும் பெண்கள், பிளஸ் டூ படிப்போடு நேராக அங்கே வேலைக்குப் போனார்கள். 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. எட்டு ஆண்டுகள் ஊர் ஊராக வந்து ஆள் ஏற்றிய பஸ்கள் அதோடு வருவதை நிறுத்திக்கொண்டன. கடன் வாங்கி வீடு கட்டியவர்கள், தங்கை கல்யாணத்தை அந்தச் சம்பளத்தை நம்பி முடிவு செய்தவர்கள் திண்டாடிப்போனார்கள். நிலத்தைக் குத்தகைக்காவது வைத்திருந்த குடும்பத்துக்கு அரிசியும் பாலும் மிஞ்சின.

அந்த ஆலைக் கட்டடம் பின்னர் வேறு நிறுவனத்தின் கைக்குப் போய் மீண்டும் இயங்கத் தொடங்கியது. ஆனால், இடைப்பட்ட ஆண்டுகளில் வேலை இழந்தவர்களின் வயது கூடிவிட்டது. ஆலைகள் பெரும்பாலும் இளவயதினரையே எடுக்கின்றன.

பஸ் ஏறும் முன் கேட்க வேண்டியவை

பிள்ளைகளுக்கு வேலை உத்தரவு வந்ததும் சம்பளத்தோடு கீழ்க்கண்டவற்றையும் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

பஸ் ஊருக்குள் வருமா, மெயின் ரோட்டோடு போய்விடுமா? இரவு 10 மணி ஷிப்ட் முடிந்து 12 மணிக்கு இறக்கிவிடும் இடத்திலிருந்து வீடு 2 கி.மீ. என்றால், யார் போய் அழைத்து வருவது?

காண்ட்ராக்ட், பயிற்சி ஊழியர்களுக்கும் பஸ் உண்டா? பஸ்ஸுக்காகச் சம்பளத்தில் பிடித்தம் உண்டா? ஓவர்டைம் பார்த்தால் திரும்ப வண்டி கிடைக்குமா?

பெண்களுக்கு இரவு ஷிப்ட் என்றால் வாகன வசதி கட்டாயம். தொழிற்சாலைகளில் பெண்கள் இரவு வேலை பார்க்க இருந்த தடையை 2000-ம் ஆண்டு டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் நீக்கியபோதே, வேலைக்கு அழைத்துவந்து திரும்பக் கொண்டுபோய் விடும் வாகன வசதியை நிபந்தனைகளில் ஒன்றாக வைத்தது.

கம்பெனி பஸ்ஸில் விபத்து நேர்ந்தால் அது பணியிட விபத்தாகவே கருதப்படும். ஆலை நடத்தும் அல்லது ஆலைக்காக ஓடும் வாகனத்தில் போகும்போது நேரும் விபத்துக்கு இ.எஸ்.ஐ. பலன் உண்டு. சொந்த பைக்கில் வேலைக்குப் போகும் வழியில் நேரும் விபத்தையும், வேலையோடு தொடர்பு நிரூபணமானால், 2010-ல் வந்த திருத்தம் ஏற்றுக்கொள்கிறது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் இ.எஸ்.ஐ. திட்டத்துக்குள் வருவார்கள். வேலையில் சேர்ந்த மாதமே இ.எஸ்.ஐ. எண்ணை வாங்கி வீட்டில் எழுதி வைக்க வேண்டும். பஸ்ஸின் ரூட் எண்ணும் ஆலையின் போக்குவரத்துப் பிரிவுத் தொலைபேசி எண்ணும் வீட்டில் இருக்க வேண்டும்.

ஊராகச் சேர்ந்து கேட்டால்

ஒரு வீட்டிலிருந்து ஒருவர் கேட்டால் ரூட்டை மாற்ற மாட்டார்கள். ஒரு ஊரிலிருந்து ஒரே ஆலைக்கு பத்து, பதினைந்து பேர் போகிறார்கள் என்றால், அவர்கள் பெயர்ப் பட்டியலோடு எழுதிக் கேட்கும்போது பஸ்ஸை ஊருக்குள் திருப்ப வாய்ப்பு அதிகம். சிறு ஆலைகளுக்குப் போகிறவர்களுக்குக் கம்பெனி பஸ்ஸே இருக்காது. அவர்களுக்கு அரசு டவுன் பஸ்தான் வழி. 2021 மே மாதம் முதல் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஆனால், ஷிப்ட் நேரத்துக்கு பஸ் இல்லாவிட்டால் அந்தச் சலுகையால் பயனில்லை. அதிகாலை 5 மணிக்கும் இரவு 10 மணிக்குப் பிறகும் ஒரு நடை வேண்டும் என்று கிராம சபையில் தீர்மானம் போட்டு, போக்குவரத்துக் கழகத்தின் கிளை மேலாளருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் அனுப்பலாம். எந்த ஆலைக்கு, எந்த ஷிப்டுக்கு, எத்தனை பேர் என்ற கணக்கையும் தீர்மானத்தோடு இணைத்துக் கொடுக்க வேண்டும். அடுத்த கிராம சபைக்கு முன்பே வீடு வீடாகப் போய் அந்தக் கணக்கை எடுத்து வைத்துக்கொள்வது முதல் வேலை.